விட்டு விட்டு வரும் கியர் நிலை சென்சார் கோளாறு: ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் கார் எலக்ட்ரிகல் வேலை பார்ப்பவன். ஆட்டோமேட்டிக் வண்டிகளின் கியர் நிலை சென்சார் பற்றி என்னிடம் வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சின் சக்தியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) உள்ள, லிவரிலிருந்து கியர்பாக்ஸுக்குக் கேபிள் ஓடும் சாதாரண ஆட்டோமேட்டிக்கை மனதில் வைத்து எழுதியது. மற்ற வகைகளைப் பற்றிக் கீழே தனியாக இருக்கிறது.

இந்த சென்சார் எங்கே இருக்கிறது? அதன் வேலை என்ன?

லிவரை நகர்த்தினால் கேபிள் இழுபட்டு, கியர்பாக்ஸின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு தண்டு திரும்பும். உள்ளே ஆயில் போகும் வழியை மாற்றும் வால்வை அந்தத் தண்டுதான் நகர்த்துகிறது. அதே தண்டில், கியர்பாக்ஸுக்கு வெளிப்பக்கம், உள்ளங்கை அளவுக்கு ஒரு கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி கோத்திருக்கும். அதுதான் நாம் பேசும் சென்சார். பல வண்டிகளில் அது சென்சார் என்பதைவிடச் சுழலும் ஸ்விட்ச் என்பதே சரி. உள்ளே செம்புத் தடங்கள், அவற்றின் மேல் உரசிக்கொண்டு நகரும் தொடுமுனைகள், கொஞ்சம் கிரீஸ்.

பி (பார்க்), என் (நியூட்ரல்) இரண்டில் மட்டும் செல்ஃப் மோட்டாருக்கு அனுமதி கொடுப்பது, ஆர்-இல் (ரிவர்ஸ்) ரிவர்ஸ் லைட்டை எரியவிடுவது, எந்த நிலையில் லிவர் நிற்கிறது என்று கியர்பாக்ஸ் கம்ப்யூட்டருக்குச் சொல்வது எல்லாம் இதன் பொறுப்பு. மீட்டரில் தெரியும் எழுத்தும் இதை நம்பியே வருகிறது.

பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஹூண்டாயில் இன்ஹிபிட்டர் ஸ்விட்ச் என்பார்கள். டொயோட்டாவில் பார்க்/நியூட்ரல் பொசிஷன் ஸ்விட்ச், ஃபோர்டில் ட்ரான்ஸ்மிஷன் ரேஞ்ச் சென்சார், ஃபோக்ஸ்வேகனில் மல்டிஃபங்ஷன் ஸ்விட்ச். பழைய மெக்கானிக்குகள் நியூட்ரல் ஸ்விட்ச் என்று முடித்துவிடுவார்கள். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் பெயர் சொல்லிக் கேட்காதீர்கள், வண்டியின் சேஸிஸ் நம்பரைக் கொடுத்துக் கேளுங்கள்.

என்னென்ன அறிகுறிகள் வரும்?

பி-இல் சாவி திருப்பினால் சத்தமே இல்லை, நாலைந்து தடவை லிவரை ஆட்டினால் செல்ஃப் எடுக்கும். மீட்டரில் டி (டிரைவ்) எழுத்து மறைந்து மறைந்து வரும். ரிவர்ஸ் லைட் சில நாள் எரியும், சில நாள் எரியாது. ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு வெட்டு வெட்டி, அதன்பிறகு வண்டி ஒரே கியரில் இழுத்துக்கொண்டு போகும். க்ரூஸ் கன்ட்ரோல் தானாக விட்டுப்போகும்.

இவற்றில் ஒன்றை மட்டும் பார்த்து முடிவு கட்டக் கூடாது. இரண்டு மூன்று சேர்ந்து வந்தால்தான் சந்தேகம் இந்தப் பக்கம் திரும்பவேண்டும். செல்ஃப் எடுக்காததற்கு முதல் காரணம் எப்போதும் பேட்டரி. வண்டி சில மணி நேரம் நின்றபிறகு 12.4 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் முதலில் அதைக் கவனியுங்கள்.

லிவர் பி-யை விட்டு நகரவே மாட்டேன் என்றால் அது வேறு விஷயம். பிரேக் ஸ்விட்ச் அல்லது லிவர் அடியில் உள்ள லாக் சோலனாய்டைப் பாருங்கள். பி-இல் போட்டும் சாவி வெளியே வரவில்லை என்றாலும் கோளாறு லிவர் பக்கம்தான், கியர்பாக்ஸ் பக்கம் இல்லை.

பி-இல் ஸ்டார்ட் ஆகவில்லை, என்-இல் ஆகிறது. சென்சார் போய்விட்டதா?

போயிருக்கலாம். ஆனால் இது கேபிளைக் காட்டிக்கொடுக்கும் அறிகுறியும்கூட. கேபிள் தளர்ந்தாலோ அதன் நுனியைத் தண்டோடு பிடித்துவைக்கும் சின்ன பிளாஸ்டிக் புஷ் தேய்ந்தாலோ, லிவர் பி-க்குப் போனபிறகும் கியர்பாக்ஸ் தண்டு முழுதாகத் திரும்பியிருக்காது.

ஒரு சோதனை செய்து பாருங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பிரேக்கையும் மிதித்துக்கொண்டு, லிவரை பி-இல் வைத்து முன்பக்கம் நன்றாக அழுத்திப் பிடித்தபடி சாவியைத் திருப்புங்கள். ஒவ்வொரு முறையும் அப்படி அழுத்தினால்தான் எடுக்கிறது என்றால் கேபிளையும் புஷ்ஷையும் முதலில் பாருங்கள். அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும் ஒரே மாதிரி ஏமாற்றினால் ஸ்விட்ச், கப்ளர் (ஒயர்களைச் செருகும் இணைப்பு), ஒயரிங் என்று போகலாம்.

ஸ்கேனரில் பி0705 (P0705) என்ற கோளாறு கோட் வந்தது. சென்சாரை மாற்றிவிடலாமா?

வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். அந்தக் கோட் சென்சார் கெட்டுவிட்டது என்று சொல்லவில்லை. சென்சார் சர்க்யூட்டிலிருந்து வரும் தகவல் நம்பும்படி இல்லை என்றுதான் சொல்கிறது. சர்க்யூட் என்றால் ஃபியூஸ், ஒயர், கப்ளர், எர்த், ஸ்விட்ச், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்தது.

பக்கத்துக் கோடுகளையும் தெரிந்துகொள்ளுங்கள். பி0706 என்றால் தகவல் வருகிறது, ஆனால் நடப்போடு பொருந்தவில்லை. பி0707 சிக்னல் தாழ்ந்துவிட்டது, பி0708 உயர்ந்துவிட்டது, பி0709 விட்டு விட்டு வருகிறது. பி0850 என்றால் பார்க்/நியூட்ரல் சிக்னலில் பிரச்சினை.

கம்ப்யூட்டர் இதை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று தெரிந்தால் தேடுவது சுலபம். சில வண்டிகளில் ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனி ஒயர் இருக்கும். டொயோட்டாவின் பல கியர்பாக்ஸ்கள் இப்படித்தான். ஒரே நேரத்தில் இரண்டு ஒயரில் 12 வோல்ட் வந்தால், லிவர் எப்படி இரண்டு இடத்தில் நிற்கும் என்று கம்ப்யூட்டர் பி0705 போட்டுவிடும். வேறு சில வண்டிகளில் நான்கு ஒயர்கள் சேர்ந்து ஒரு ரகசியக் குறிபோல நிலையைச் சொல்லும். நான்கு ஒயருக்கு 16 சேர்க்கைகள் உண்டு, அதில் சிலதுதான் செல்லும். ஒரு ஒயர் விட்டுப்போனால் செல்லாத சேர்க்கை வந்து கோட் விழும். மூன்றாவது வகையில் ஒரே ஒயர்தான். நிலைக்கு ஏற்ப ரெசிஸ்டன்ஸ் மாறி, வோல்டேஜ் படி இறங்கும். இதில் கப்ளரில் கொஞ்சம் களிம்பு ஏறினாலே ஒரு நிலை பக்கத்து நிலைபோலத் தெரியும். உங்கள் வண்டி எந்த வகை என்று ஒயரிங் படத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளாமல் வேலையைத் தொடங்கக் கூடாது.

கோளாறு ஏன் விட்டு விட்டு வருகிறது?

ஏனென்றால் இணைப்பு முழுதாக அறுபடவில்லை. சூடு ஏறும்போது விரிகிறது, குளிரும்போது சேர்கிறது. மழைத் தண்ணீர் கப்ளரில் புகுந்து, வெயிலில் காய்ந்துவிடுகிறது. குழியில் இறங்கும்போது ஒயர் இழுபடுகிறது. ஸ்விட்ச்சின் உள்ளே கிரீஸ் காய்ந்து தடத்தின் மேல் படிகிறது. தண்டின் சீல் தளர்ந்தால் உள்ளே ஆயிலும் புகும்.

நம் ஊரில் இன்னொரு முக்கியமான காரணம் எலி. ஒயரை முழுதாகத் துண்டித்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். பாதி இழைகளை மட்டும் கடித்துவிட்டுப் போனால் மாதக்கணக்கில் அலையவிடும்.

விட்டு விட்டு வரும் கோளாறை எப்படிப் பிடிப்பது?

கோளாறு நடக்கும் நேரத்தில்தான் பிடிக்கமுடியும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் எதை அளந்தாலும் எல்லாம் சரியாகத்தான் காட்டும். அதனால் முதல் வேலை, எப்போது வருகிறது என்று வண்டி ஓட்டுபவரிடம் பொறுமையாகக் கேட்பது. நான் கேட்கும் கேள்விகள்: காலையிலா, ஓடிச் சூடானபிறகா? மழை நாளா? விளக்கு போட்டிருந்தீர்களா, ஏசி போட்டிருந்தீர்களா? பிரேக் மிதித்திருந்தீர்களா? சமீபத்தில் வண்டியில் ஏதாவது புதிதாக மாட்டினீர்களா?

கடைசிக் கேள்வியைக் கேட்காமல் நான் ஒருமுறை முழு நாளைத் தொலைத்தேன். நான்கு கியர் ஆட்டோமேட்டிக், வெள்ளை நிறக் கார். வேறொரு ஒர்க்‌ஷாப்பில் ஏற்கெனவே இரண்டு முறை ஸ்விட்ச் மாற்றியிருந்தார்கள். மழை பெய்தால் மட்டும் பி0705 வரும், வண்டி ஒரே கியரில் மாட்டிக்கொள்ளும். ஸ்விட்ச்சின் கப்ளரைக் கழற்றிப் பார்த்தேன், பின்கள் புதுசு போல மின்னின. ஒயரை ஆட்டினேன், ஹேர் டிரையர் வைத்துச் சூடாக்கினேன், தண்ணீர் தெளித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மாலையில் வண்டிக்காரர் வந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது சொன்னார்: “அண்ணே, இன்னொண்ணு. மழை வந்தா, பிரேக் அடிக்கும்போது ஸ்க்ரீன்ல பேக் கேமரா ஒரு செகண்ட் வந்துட்டுப் போகுது. அதையும் பாத்துடுங்க.”

நேராக டிக்கிக்குப் போனேன். அந்த வண்டியில் ரிவர்ஸ் பல்பு ஒரு பக்கம் மட்டும்தான். வெளியில் மாட்டிய கேமராவுக்கு அதே லைட்டிலிருந்து ஒயர் எடுத்து, எர்த்தை வெறுமனே முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். டேப்பைப் பிரித்தால் செம்பு பச்சை பூத்து, கையில் தொட்டதும் உதிர்ந்தது. அந்த விளக்குக் கூட்டம் முழுதுக்கும் அதுதான் எர்த். ஈரம் பட்டு எர்த் விட்டுப்போனதும், பிரேக் லைட்டுக்கு வந்த கரண்ட் வெளியேற வழியில்லாமல், ரிவர்ஸ் பல்பின் இழை வழியாகப் பின்னோக்கி ரிவர்ஸ் ஒயரில் ஏறியிருக்கிறது. அந்த ஒயர்தான் கம்ப்யூட்டருக்கும் ஆர் என்று சொல்லும் ஒயர். லிவர் டி-இல் நிற்கிறது, ஆர் ஒயரிலும் 12 வோல்ட் வருகிறது. கம்ப்யூட்டர் சொன்னது முழு உண்மை. ஒரு முழ ஒயரும் ஒரு நல்ல எர்த் முனையும் போட்டுச் சரிசெய்தேன். கழற்றி வைத்திருந்த இரண்டு பழைய ஸ்விட்ச்களையும் வாங்கி அளந்து பார்த்தேன், இரண்டிலும் குறை இல்லை.

இதற்கப்புறம் நான் பின்பற்றும் முறை இதுதான். கோட் பதிவை அழிப்பதற்கு முன் ஃப்ரீஸ் ஃப்ரேமைப் படித்து எழுதிக்கொள்கிறேன். கோட் விழுந்த நேரத்தில் வேகம் என்ன, எஞ்சின் சூடு என்ன என்று அதில் இருக்கும். பிறகு எஞ்சினை அணைத்து, இக்னிஷனை மட்டும் ஆன் செய்து, ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் லிவர் நிலையைத் திறந்து பதிவு ஓடவிடுகிறேன். லிவரை ஒவ்வொரு நிலையாக மெதுவாக நகர்த்தி, ஒவ்வொரு நிலையிலும் கொஞ்சம் முன்னும் பின்னும் ஆட்டுகிறேன். அதன்பிறகு ஒருவரைத் திரையைப் பார்க்கச் சொல்லிவிட்டு, கப்ளரிலிருந்து தொடங்கி ஒயர் கட்டை ஒரு சாண் ஒரு சாணாக வளைத்து ஆட்டிப்பார்க்கிறேன். ஒரு இடத்தில் எழுத்து தாவினால் அங்கேயே நின்றுவிட வேண்டும். கடைசியில் விளக்கு, பிரேக், வைப்பர், ஏசி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறேன்.

ஸ்கேனரில் கோட் எதுவும் வரவில்லை, ஆனால் தொந்தரவு இருக்கிறது. என்ன செய்வது?

நிறைய வண்டிகளில் கோளாறு இத்தனை நொடி நீடித்தால்தான் கோட் விழும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அரை நொடி விட்டுப்போனால் பதிவாகாது. பென்டிங் கோடுகளை (இன்னும் உறுதியாகாமல் காத்திருக்கும் கோடுகள்) பாருங்கள், என்ஜின் கம்ப்யூட்டரோடு நிற்காமல் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரையும் தனியாகப் படியுங்கள். மலிவான ஸ்கேனர்கள் பலவும் கியர்பாக்ஸ் பக்கம் போகவே போகாது.

மல்டிமீட்டரில் 12 வோல்ட் சரியாகக் காட்டுகிறது. ஒயர் எப்படிக் கெட்டதாகும்?

டிஜிட்டல் மீட்டர் அளக்கும்போது கரண்ட் எதுவும் எடுப்பதில்லை என்றே சொல்லலாம். இருபது இழையில் ஒரே இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் 12 வோல்ட் காட்டிவிடும். கரண்ட் ஓடும்போதுதான் அந்த ஒற்றை இழையின் லட்சணம் தெரியும். அதனால் சப்ளை ஒயரையும் எர்த் ஒயரையும் 21 வாட் பல்பு வைத்து எரியவிட்டுப் பாருங்கள். பல்பு பளிச்சென்று எரியவேண்டும். எரியும்போதே எர்த் ஒயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் அளந்தால் 0.2 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. கம்ப்யூட்டருக்குப் போகும் சிக்னல் ஒயர்களில் இந்த பல்பை வைக்கவே கூடாது, கம்ப்யூட்டர் போய்விடும். அங்கே மீட்டர் அல்லது ஸ்கோப் (சிக்னலை அலையாகத் திரையில் காட்டும் கருவி) மட்டும்.

கப்ளரில் கிளீனர் ஸ்ப்ரே அடித்தால் போதுமா?

காண்டாக்ட் கிளீனர் அடித்து, நன்றாகக் காயவிட்டு மாட்டினால் சில நேரம் சரியாகும். ஆனால் கோளாறு எங்கே இருந்தது என்று தெரியாமல் போய்விடும், மூன்று மாதம் கழித்து திரும்ப வரும். அடிப்பதற்கு முன் லென்ஸ் வைத்துப் பாருங்கள். பெண் பின்கள் விரிந்திருக்கின்றனவா? அதே அளவு ஆண் பின் ஒன்றை எடுத்து ஒவ்வொன்றாகச் செருகி இழுத்தால், எது தளர்வு என்று விரலுக்கே தெரியும். ரப்பர் சீல் கிழிந்திருக்கிறதா, பின் பக்கம் ஆயில் ஊறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

தடித்த ஊசியை பின்னுக்குள் குத்தி அளக்காதீர்கள், பின் விரிந்து புதுக் கோளாறு உண்டாகும். ஒயரின் தோலைக் குத்தினால் அந்தத் துளை வழியாக அடுத்த மழையில் தண்ணீர் போகும். கப்ளரின் பின்பக்கமாக மெல்லிய கம்பி விட்டு அளப்பதுதான் முறை.

கேபிள் புஷ் அவ்வளவு முக்கியமா?

உயிர் சம்பந்தப்பட்டது. ஃபோர்டு 2022இல் அமெரிக்காவில் சுமார் 29 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது இந்தச் சின்ன பிளாஸ்டிக் புஷ்ஷுக்காகத்தான். சூட்டிலும் ஈரத்திலும் புஷ் சிதைந்து, கேபிள் கியர்பாக்ஸ் தண்டை விட்டுக் கழன்றுவிடும். அப்புறம் லிவர் பி-இல் இருக்கும், கியர்பாக்ஸ் வேறு நிலையில் இருக்கும். இறங்கி நடந்தால் வண்டி உருளும்.

வேறு கம்பெனி வண்டியானாலும், ரேம்ப்பில் ஏற்றும்போதெல்லாம் கேபிள் நுனியைப் பிடித்து ஆட்டிப்பாருங்கள். லூஸ் தெரிந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். எந்த ஆட்டோமேட்டிக்கானாலும் நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போடும் பழக்கத்தை விடாதீர்கள்.

புது ஸ்விட்ச் மாட்டியும் அதே தொந்தரவு. ஏன்?

மூலகாரணம் வேறு எங்கோ இருக்கலாம், மேலே சொன்ன வெள்ளைக் கார் போல. இல்லையென்றால் ஸ்விட்ச் சரியான கோணத்தில் உட்காரவில்லை. பெரும்பாலான வண்டிகளில் இதை என்-இல் வைத்துத்தான் சரிசெய்வார்கள், பி-இல் அல்ல. தண்டை என்-க்குக் கொண்டுவந்து, ஸ்விட்ச்சில் உள்ள கோடும் தண்டின் பள்ளமும் நேராக நிற்கும்படி திருப்பி, அப்படியே பிடித்துக்கொண்டு போல்ட்டை முறுக்க வேண்டும். சில மாடல்களில் கோட்டுக்குப் பதில் ஒரு ஊசி செருகும் துளை இருக்கும்.

போல்ட்டை வேகமாக முறுக்கிவிடாதீர்கள். டொயோட்டாவின் சில கியர்பாக்ஸ்களில் இதற்கான முறுக்கு வெறும் 5.4 நியூட்டன் மீட்டர்தான். பிளாஸ்டிக் வெடித்தால் அடுத்த மழைக்குத் தண்ணீர் உள்ளே. மாட்டி முடித்ததும் பி, என் இரண்டில் மட்டும் செல்ஃப் எடுக்கிறதா, ஆர், டி-இல் எடுக்காமல் இருக்கிறதா என்று பிரேக்கை மிதித்துக்கொண்டு சோதியுங்கள். இந்தச் சோதனையைச் செய்யாமல் வண்டியை ஒப்படைக்கக் கூடாது.

வழியில் வண்டி ஒரே கியரில் மாட்டிக்கொண்டது. ஓட்டிக்கொண்டு போகலாமா?

சந்தேகம் வந்ததும் கம்ப்யூட்டர் கியர்பாக்ஸைக் காப்பாற்ற ஒரே கியரைப் பிடித்துக்கொள்ளும். பல நான்கு கியர் வண்டிகளில் அது மூன்றாவது கியர். மெதுவாகப் பக்கத்து ஒர்க்‌ஷாப் வரை போகலாம், மலைப்பாதை வேண்டாம். ஓரம் நிறுத்தி அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும் என்பது பல நேரம் உண்மைதான். அதை ஒரு தற்காலிக உதவியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்விட்ச்சை நேராக ஷார்ட் செய்து ஓட்டலாம் என்கிறார்களே?

கூடாது. டி-இல் இருக்கும்போதே செல்ஃப் எடுத்து வண்டி பாயும். முன்னால் குழந்தை நின்றால் என்ன ஆகும்? யார் செய்து தருகிறேன் என்றாலும் மறுத்துவிடுங்கள்.

ஏஎம்டி, சிவிடி வண்டிகளுக்கும் இதே கதையா?

சிவிடிக்கு (தனித்தனி கியர் படிகள் இல்லாத ஆட்டோமேட்டிக்) பெரும்பாலும் இதேதான். ஏஎம்டி (மேனுவல் கியர்பாக்ஸிலேயே கியரை இயந்திரம் மாற்றும் வகை) வேறு. மாருதி செலெரியோவில் 2014இல் வந்ததிலிருந்து பரவிய இந்த வகையில், லிவரிலிருந்து கியர்பாக்ஸுக்குக் கேபிள் இல்லை. லிவர் அடியில் ஒரு சென்சார் இருக்கும். கியரை மாற்றும் இயந்திரத்தில் வேறு சென்சார்கள் இருக்கும். அங்கே இந்த முறைகள் அப்படியே பொருந்தாது.

சில வண்டிகளில் இந்த ஸ்விட்ச் கியர்பாக்ஸுக்கு உள்ளேயே இருக்கும். மெர்சிடிஸின் 722.6 என்ற ஐந்து கியர் பெட்டியில், பி/என் காண்டாக்ட் ஆயில் சூடு சென்சாரோடு தொடராக இணைந்திருக்கும். அதே பெட்டியில் கப்ளர் சீல் கசிந்தால் ஆயில் ஒயருக்குள்ளேயே ஊறி மேலே ஏறி, கம்ப்யூட்டர் பெட்டி வரைக்கும் போய்விடும். அந்த வண்டி வந்தால் நான் முதலில் கம்ப்யூட்டரின் கப்ளரைக் கழற்றி ஆயில் வாசனை இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

சரியாகிவிட்டது என்று எப்படி உறுதி செய்வது?

கோளாறு எந்தச் சூழ்நிலையில் வந்ததோ அதே சூழ்நிலையை மறுபடி உண்டாக்கிப் பாருங்கள். சூட்டில் வந்தது என்றால் வண்டியை ஓட்டி, நிறுத்தி, சூடு ஊறவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். குலுக்கலில் வந்தது என்றால் அதே பாதையில் ஸ்கேனர் பதிவோடு ஓட்டுங்கள். அந்த வெள்ளைக் காரில், பின் விளக்கின் மேல் ஹோஸ் பைப்பால் பத்து நிமிடம் தண்ணீர் பீய்ச்சினேன். ஒருவரை உள்ளே உட்காரவைத்து, எஞ்சினை அணைத்து இக்னிஷனை மட்டும் ஆனில் விட்டு, லிவரை டி-இல் போட்டு, விளக்கை எரியவிட்டு, பிரேக்கை மிதித்து விடச் சொன்னேன். முப்பது நாற்பது தடவை. திரையில் ஆர் என்ற வரி ஒருமுறைகூட மாறவில்லை, கேமராவும் வரவில்லை.